கைச்சங்கிலியின் ஏழு கண்ணிகள்

இப்படிக் கொஞ்சம் கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. கதவோரம் இருப்பவர்களும் உள்ளே தள்ளி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்லக்கூடிய கதை இல்லை இது. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிடிப்பதற்கு முன்னால் அது யார் கை என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இன்றைக்கு நான் சொல்லப்போவதே ஒரு கையின் கதைதான். ஒருத்தியின் மணிக்கட்டையும், அதில் கிடந்த எஃகுச் சங்கிலியையும் பற்றிய கதை.

நம் திருவண்ணாமலையில், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் அருணாதேவி என்று ஒருத்தி வேலை பார்த்தாள். முப்பத்தெட்டு வயது. கலகலப்பான மனுஷி. அவள் சிரித்தால் அடுத்த செக்‌ஷனில் ஃபைல் பார்ப்பவர்களும் தலை தூக்கிப் பார்ப்பார்கள். ஆனால் உடம்பு அவளைப் பாடாய்ப் படுத்தியது. ரெண்டாயிரத்து ஏழாம் வருஷம் தை மாதம் தராசில் ஏறி நின்றபோது நூற்று முப்பத்திரண்டு கிலோ. மாடியில் இருக்கும் ரெக்கார்டு ரூமுக்குப் போக நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். முழங்கால் வீங்கிக் கிடக்கும். சர்க்கரை வேறு. படுத்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்று நின்று வரும். புருஷன் திருமலை பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பான், அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி.

அவன்தான் அவளைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் செய்தார்கள். இரைப்பையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் தனியாகப் பிரித்து, அதைக் குடலோடு நேராக இணைத்துவிடுகிற ஆபரேஷன். அப்புறம் நாலு வாய்க்கு மேல் உள்ளே இறங்காது. உடம்பு தானாகக் கரையும்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று, அங்கிருந்த நர்ஸ் அவள் இடது கையில் ஒரு சங்கிலியைப் பூட்டினாள். வெள்ளி இல்லை, வெறும் எஃகு. நடுவில் ஒரு சின்னத் தகடு. முன்பக்கம் ஒரு கோலைச் சுற்றிக்கொண்டு ஒரு பாம்பு, சிவப்புச் சாயத்தில். வைத்தியத்துக்கான அடையாளம் அது. பின்பக்கம் பொடிப்பொடியான இங்கிலீஷ் எழுத்தில் அவள் பெயர், திருமலையின் போன் நம்பர், அதற்குக் கீழே மூன்று வரி: இரைப்பை ஆபரேஷன் ஆனவர், வயிற்றுக்குள் குழாய் விடக்கூடாது. வலிக்குப் போடும் சில மருந்துகள் ஆகாது. இனிப்புத் தின்றால் மயக்கம் வரும், சர்க்கரை அளவைப் பார்க்கவும்.

"குளிக்கும்போதுகூடக் கழட்டாதீங்க மேடம்" என்றாள் நர்ஸ். "நீங்க எங்கனா மயங்கி விழுந்துட்டா, உங்களுக்காகப் பேசறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கும். இல்லன்னா தெரியாம எவனாவது ஏதாவது பண்ணிடுவான். உள்ள கிழிஞ்சிடும்."

அருணாதேவி தலையாட்டினாள். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் அவள் காதிலேயே தங்கிவிட்டது.

இந்த ஆபரேஷன் விஷயம் அவள் மாமியாருக்குத் தெரியாது. மாமியார் பச்சையம்மாள் கீழ்பென்னாத்தூரில் இருந்தாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் நிலம், ரெண்டு மாடு, உரத்த குரல், வெள்ளை மனசு. திருமலையின் அப்பா ஒரு சாதாரணக் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வராதவர். அன்றிலிருந்து ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே பச்சையம்மாள் எழுந்து வெளியே போய்விடுவாள். "அம்மாகிட்ட சொல்லிக்காத அருணா. நாட்டு மருந்து, பத்தியம்னு சொல்லிடலாம்" என்றான் திருமலை. அப்படியே சொன்னார்கள்.

உடம்பு கரைந்தது. முதல் ஆறு மாதத்திலேயே முப்பத்தைந்து கிலோ. கைச்சங்கிலி வழுக்கிக்கொண்டு முழங்கை வரைக்கும் போய் வந்தது. சின்னக்கடைத் தெருவில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் சுப்பனிடம் கொடுத்து இரண்டு கண்ணிகளைக் கழற்றினாள். தீபாவளிக்கு இன்னும் இரண்டு. அடுத்த சித்திரையில் மூன்று. மொத்தம் ஏழு கண்ணி. "இன்னா மேடம், இப்படியே போனா தகடு மட்டும்தான் மிஞ்சும்போல" என்று சிரித்துக்கொண்டே சுப்பன் அவற்றை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். தூக்கிப் போட மனசு வராமல் காலியான ஒரு குங்குமச் சிமிழில் போட்டு பீரோவில் வைத்தாள். பெரிய அளவுப் புடவைகளையும் ஜாக்கெட்டுகளையும் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவனிடம் போட்டுவிட்டாள். மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட ஒரு சுங்குடிப் புடவை, அவளுக்கு உயிர், அதையும் போட்டுத்தான் ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கினாள்.

இங்கேதான் கண்ணுகளா, நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

அம்மணியம்மன் கோபுர வாசலில் பூக்கட்டும் சந்திரம்மாளிடம் ஒரு சாயங்காலம் ஒரு முழம் முல்லை கேட்டாள் அருணாதேவி. சந்திரம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, காலையில ஒரு மாதிரி இருந்தே, இப்ப ஒரு மாதிரி இருக்கறே?"

"காலையில நான் வரலியேக்கா."

"வரலியா? அந்த மஞ்சப் புடவை கட்டிக்கினு, மூச்சு வாங்கிக்கினு வந்து நின்னியே. பழையபடி குண்டாயிட்டா போலன்னு மனசு கஷ்டமாப் போச்சு எனக்கு. கூப்பிட்டேன். திரும்பாமப் போயிட்டே."

வேறு யாராவது இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பூவை வாங்கிக்கொண்டு வந்தாள். ஆனால் வழியெல்லாம் அந்த முல்லையின் வாசனை அவளுக்குப் பிடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஆபீஸில் பியூன் ராமகிருஷ்ணன் கேட்டார், "மாடிப்படியில உக்காந்துகினு இருந்தீங்களே மேடம், கால் வலியா?" அவள் அன்றைக்குக் காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. போய்ப் பார்த்தாள். ரெக்கார்டு ரூமுக்குப் போகும் படியில், அவள் முன்பெல்லாம் மூன்றாவது தடவை மூச்சு வாங்க நிற்கும் அதே இடத்தில், சுவரில் வியர்வை ஈரம். அகலமான ஒரு உள்ளங்கையின் அளவு.

அப்புறம் வீட்டிலும். குளித்துவிட்டு வந்து திரும்பிப் பார்த்தால் சிமெண்டுத் தரையில் அவள் ஈரப் பாதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஈரப் பாதம். அகலமாக, விரல்கள் விரிந்து. இரவு படுத்தால் கட்டில் அவளுக்கு மறுபக்கம், திருமலை இல்லாத பக்கம், மெல்ல அமுங்கும். திருமலையிடம் சொன்னாள். அவன் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் லாட்ஜில் மேனேஜர். நாள் முழுக்கத் தியானம், ஆன்மா என்று பேசுகிறவர்களையே பார்த்துப் பார்த்து அவனுக்கு இதெல்லாம் அலுத்துப்போயிருந்தது.

"பழைய உடம்பு ஞாபகம் அருணா. மனசு இன்னும் இளைக்கல, அவ்ளோதான்."

அவன் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அருணாதேவிக்கு ஒரே பயம். விட்டுவிட்டு வந்த அந்த உடம்பு, ஒருநாள் வாசலில் வந்து நின்று, 'எனக்கு இடம் கொடு' என்று கேட்டுவிடுமோ? உள்ளேதான் இடமே இல்லையே. எலுமிச்சம்பழ அளவு பை. கிழிந்துவிடுமே.

இதற்கு நடுவில், ரெண்டாயிரத்து எட்டாம் வருஷப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பச்சையம்மாள் அந்தச் சங்கிலியைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி அது கையில? பாம்பு போட்டிருக்குது?"

உண்மையைச் சொல்ல முடியுமா? வாயில் வந்ததைச் சொன்னாள். "வேண்டுதல் அத்தை."

"நாகத்துக்கா?"

"ஆமா அத்தை."

பச்சையம்மாள் அந்தத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. நம் பக்கத்தில் கண் வலி என்றால் கண் செதுக்கின தகடு, கால் வலி என்றால் கால் செதுக்கின தகடு என்று வாங்கி அம்மனுக்குச் செலுத்துவோம். நாகத் தகடு என்றால் புற்றில் போடுவோம். வேண்டிக்கொண்ட தகட்டைச் செலுத்தாமல் கையிலேயே வைத்திருக்கக் கூடாது. இவளோ மாசக் கணக்கில் மாட்டிக்கொண்டு திரிகிறாள். நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போகிறாள். ஏன் வற்றமாட்டாள்? செலுத்தாத நாகம் உள்ளே இருந்து உறிஞ்சுகிறது. பச்சையம்மாள் இதை யாரிடமும் சொல்லாமல் ஆடி மாதத்துக்காகக் காத்திருந்தாள்.

ரெண்டாயிரத்து எட்டு, ஆடி இரண்டாம் வெள்ளி. கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் வேப்பமரத்தடிப் புற்று, ஆள் உயரம், மஞ்சளும் குங்குமமும் பூசி, மேலே சின்னக் கீற்றுக் கொட்டகை. ரேணுகாம்பாள் என்று கும்பிடுவார்கள். காலையில் அருணாதேவி பஸ்ஸில் வந்து இறங்கினாள். திருமலைக்கு லாட்ஜில் வேலை, வரவில்லை. அவள் கையில் அந்த எவர்சில்வர் தூக்கு, உள்ளே தனக்கென்று கொண்டு வந்த இரண்டு இட்லி.

"உன் வவுத்துக்கு மாவிளக்கு வேண்டிக்கினு இருக்கறேன். படு" என்றாள் பச்சையம்மாள்.

வயிற்றில் மாவிளக்குப் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பச்சரிசி மாவில் வெல்லம் போட்டுப் பிசைந்து, நடுவில் குழித்து, நெய் விட்டுத் திரி போட்டு, அம்மன் முன்னால் படுத்திருப்பவர் வயிற்றில் வாழை இலையை வைத்து அதன் மேல் ஏற்றுவார்கள். வயிற்றுநோய் தீரும் என்பது நம்பிக்கை. அருணாதேவி புற்றுக்கு முன்னால் பாயில் படுத்தாள். ஆபரேஷன் தழும்புகளை மறைக்கப் புடவையை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

திரி எரிந்தது. பம்பை மேளச் சத்தம். காற்றே இல்லாத உச்சிப்பொழுது. ஆனாலும் அந்தச் சுடர் யாரோ மேலே குனிந்து மூச்சு விடுவதுபோல நெளிந்து நெளிந்து சாய்ந்தது. அருணாதேவி கண்ணைத் திருப்பினாள். புற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. அகலமான முதுகு. மாம்பழ மஞ்சள் புடவை.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் யாரோ இடது கையைத் தூக்கினார்கள். சங்கிலி மறுபடியும் தளர்ந்து போயிருந்தது. பூட்டைக்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை, விரல்களைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

விளக்கு அணைந்து எழுந்தபோது கை மொட்டையாக இருந்தது.

"அத்தை! என் கையில இருந்தது?"

"சேக்க வேண்டிய எடத்துல சேத்துட்டேன். முழங்கை வரைக்கும் கையை வுட்டு ஆழத்துல போட்டிருக்கறேன். பாலும் முட்டையும் மேல வுட்டாச்சு. இனிமே உன்னப் புடிச்சது உன்ன வுட்டுடும்."

அருணாதேவி புற்றின் வாயைப் பார்த்தாள். பால் நுரைத்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பாம்பு இருக்கும் புற்றில் இனி யார் கை விடுவார்கள்? அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சுற்றி நாற்பது பேர். பச்சையம்மாள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சொன்னால் ஆபரேஷனையும் சொல்ல வேண்டும், ஒன்றரை வருஷப் பொய்யையும் சொல்ல வேண்டும். வார்த்தையை விழுங்கினாள். நாளைக்கே சென்னைக்குப் போன் போட்டு வேறு ஒன்று வாங்கிக்கொண்டால் போகிறது, ஒரு நாள்தானே என்று நினைத்தாள்.

விழுங்க வேண்டியது இன்னும் இருந்தது. விளக்கெரிந்த மாவில் நெய்யும் வாழைப்பழமும் போட்டுப் பிசைந்து உருட்டினாள் பச்சையம்மாள்.

"மூணு வாய். வேண்டுதல்காரங்க துன்னே ஆவணும்."

"பத்தியம் அத்தை..."

"அம்மன் பிரசாதத்துக்கு இன்னாடி பத்தியம்? வாயத் தொற."

நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தாள். மூன்று உருண்டை. வெல்லமும் நெய்யும் தொண்டையில் இறங்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இருபது நிமிஷத்தில் நெஞ்சு பம்பையாட்டம் அடித்தது. வேர்த்துக் கொட்டியது. மாமியார் வீட்டில் போய்ப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்தாள். அவளுக்கு மறந்துபோனது ஒன்று: சர்க்கரை முதலில் ஏறி ஆட்டும், ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சடாரென்று இறங்கும். இறங்குவதுதான் ஆளைச் சாய்ப்பது. சென்னையில் சொல்லியிருந்தார்கள்.

கிளம்பும்போது பச்சையம்மாள் ஒரு பழைய இருமல் டானிக் பாட்டிலைத் துணிப்பையில் போட்டாள். "வேங்கிக்கால் வீட்டு நிலையில கரையான்னு சொன்னான்ல உன் புருஷன். கொல்லையில அடிச்ச பூச்சிமருந்து மிச்சம். கொஞ்சமா ஊத்தச் சொல்லு, ஜாஸ்தி ஊத்திடப் போறான்." மூடி சரியாகத் திருகப்படவில்லை. அதை ரெண்டு பேரும் கவனிக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோர சீட். கண்டக்டர் வந்தார்.

"திருவண்ணாமலை ஒண்ணு."

"ஒண்ணா? பக்கத்துல இருக்கற அந்தம்மாவுக்கு?"

அருணாதேவி திரும்பினாள். பக்கத்து சீட்டில் யாருமில்லை. ஆனால் சீட்டின் ரெக்சின் பள்ளமாக அமுங்கியிருந்தது. பஸ் குலுங்கும்போது மற்ற காலி சீட்டுகள் எல்லாம் துள்ளின, அது மட்டும் துள்ளவில்லை. கண்டக்டரும் ஒரு நொடி பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் குளிர ஆரம்பித்தது. ஆடி வெயிலில் பல் கிட்டியது. விரல் நடுங்கியது. தூரத்தில் மலை தெரிந்தது, இரண்டாகத் தெரிந்தது. பைக்குள்ளிருந்து ஒரு நாற்றம் குப்பென்று வந்தது. பாட்டில் கசிந்து துணியெல்லாம் நனைந்திருந்தது. பையை நகர்த்தப் போனாள். கை சொன்னபடி கேட்கவில்லை. 'போன் பண்ணணும்' என்று நினைத்தாள். போன் என்றால் எது என்று யோசித்தாள். அப்படியே முன்சீட்டுக் கம்பியில் சாய்ந்தாள், வாயோரம் எச்சில் வழிந்தது.

"ஐயையோ, மருந்து வாசனை அடிக்குது! இந்தப் பொம்பள மருந்து குடிச்சிட்டுது!" என்று யாரோ கத்தினார்கள்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. கண்டக்டரும் இரண்டு ஆளும் தூக்கிக்கொண்டு போய் மேசையில் கிடத்தினார்கள். டாக்டர் ராஜமாணிக்கம், வயதானவர். நர்ஸ் கஸ்தூரி, சின்னப்பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம். நம் ஜில்லாவில் விவசாய வீடுகளில் சண்டை வந்தால் பூச்சிமருந்தைத் தூக்கிக்கொள்கிறவர்களை அந்த ஆஸ்பத்திரி வாரத்துக்கு ஒருவராவது பார்த்திருக்கிறது. வேர்வை, எச்சில், மயக்கம், மருந்து நாற்றம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"வாஷ் குடுக்கணும். டியூப் எடும்மா. ஒரு நிமிஷம் லேட்டானாலும் போயிடும்" என்றார் டாக்டர்.

தண்ணீர் வாளி வந்தது. விரல் தடிமனுக்கு ரப்பர் குழாய் வந்தது. அருணாதேவிக்கு எல்லாம் கேட்டது. கிணற்றுக்குள் கிடப்பவளுக்கு மேலே பேசுவது கேட்குமே, அப்படி. குழாயை உள்ளே விட்டு லிட்டர் கணக்கில் தண்ணீரை ஊற்றுவார்கள். எலுமிச்சம்பழ அளவுப் பைக்குள். உள்ளே கிழிந்துவிடும். 'நான் ஒண்ணும் குடிக்கல' என்று சொல்ல நாக்கைப் புரட்டினாள். நாக்கு வேறு யாருடையதோபோல வாய்க்குள் கிடந்தது. எப்படியோ இடது கையைத் தூக்கினாள். மணிக்கட்டைக் காட்டினாள். அங்கே ஒன்றுமில்லை, சங்கிலி கிடந்த வெள்ளைத் தடம் மட்டும்.

கஸ்தூரி அந்தக் கையை மெல்ல அழுத்திக் கீழே வைத்தாள். "பயப்படாதக்கா. இன்னா கஷ்டம் இருந்தாலும் இப்படிப் பண்ணிக்கலாமா? கொஞ்சம் பொறுத்துக்கோ."

குழாய் முனையில் எண்ணெய் தடவினார்கள். தலையை நிமிர்த்திப் பிடித்தார்கள். குழாய் உதட்டைத் தொட்டது. ரப்பர் வாசனை.

அப்போது வாசல் இருண்டது.

அந்த நடையை அருணாதேவிக்குத் தெரியும். தொடையோடு தொடை உரசும் புடவைச் சத்தம். நாலு எட்டுக்கு ஒருதரம் நின்று இழுக்கும் மூச்சு. சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொள்ளும் தப்பென்ற ஓசை. முப்பத்தெட்டு வருஷம் அவள் உள்ளே இருந்துகொண்டே கேட்ட சத்தங்கள், முதல் தடவையாக வெளியிலிருந்து கேட்டன. வந்துவிட்டது என்று நினைத்தாள். கடைசியில் இடம் கேட்க வந்தேவிட்டது.

கண்ணைத் திறக்க முடிந்த அளவுக்குத் திறந்தாள். கதவு அகலத்துக்கு மஞ்சள் புடவை, பச்சைக் கரை. முகம் வெளிச்சத்துக்கு எதிராக இருந்ததால் தெரியவில்லை. பருத்த கை ஒன்று நீண்டு கஸ்தூரியின் உள்ளங்கையில் எதையோ வைத்து மூடியது.

"தண்ணி ஊத்தாதீங்க" என்றது குரல். மூச்சிரைப்பின் நடுவே, நிதானமாக. "உள்ள எடமில்ல. எடமெல்லாம் எங்கிட்டதான் இருக்குது. அவ சொல்லமாட்டா. அதான் நான் சொல்ல வந்தேன்."

கஸ்தூரி கையைத் திறந்தாள். சிவப்புப் பாம்பு. திருப்பினாள். உரக்கப் படித்தாள். மூன்றாவது வரியை அவள் முடிப்பதற்குள் டாக்டர் குழாயை வாளியிலேயே போட்டுவிட்டார். அருணாதேவியின் இமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். "முதல்லயே கண்ணைப் பாத்திருக்கணும் நான். பூச்சிமருந்துன்னா கண்மணி ஊசிமுனையாட்டம் சுருங்கியிருக்கும். வாசனையை நம்பிட்டேன். சுகர் பாரும்மா, சீக்கிரம்!"

விரலில் குத்தினார்கள். முப்பத்து நான்கு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நரம்பில் குளுகோஸ் ஏறியது.

அதைச் சொல்லும்போது அருணாதேவி பின்னாளில் ஒரு மாதிரி சிரிப்பாள். கிணற்றின் அடியிலிருந்து யாரோ அவளை முடியைப் பிடித்துத் தூக்கினாற்போல இருந்ததாம். ஐந்து நிமிஷத்தில் நாக்கு மறுபடி அவளுடையதாகியது.

"எங்க அவங்க?" இதுதான் அவள் கேட்ட முதல் வார்த்தை.

"உங்க அக்காதானே?" என்றாள் கஸ்தூரி. "அப்படியே உங்க முகம். வெளிய பெஞ்சுல உக்காருங்கம்மான்னு சொன்னேன்."

எனக்கு அக்கா கிடையாது என்று அருணாதேவி சொல்லவில்லை. கஸ்தூரி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பெஞ்சு காலி. கண்டக்டர் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் இறங்கினவர்களையெல்லாம் எண்ணிப் பார்த்தாராம். "நான் அப்பவே கேட்டேனே, ரெண்டு டிக்கெட்டான்னு" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிவிட்டு, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

தகட்டில் இருந்த நம்பருக்குப் போன் போனது. திருமலை ஓடி வந்தான். ஒரு மணி நேரத்தில் பச்சையம்மாளும் வந்து சேர்ந்தாள், தலைமுடி கலைந்து, செருப்பு மாறி.

"மருந்து குடிச்சியாமே! நான் இன்னாடி கொற வச்சேன் உனக்கு?"

"குடிக்கல அத்தை." அருணாதேவி எழுந்து உட்கார்ந்தாள். திருமலை வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். புடவையை விலக்கி வயிற்றுத் தழும்புகளைக் காட்டினாள். சென்னை, ஆபரேஷன், பை, வெல்லம், தகடு, வேண்டுதல் என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். பச்சையம்மாள் இந்தத் தடவை எழுந்து வெளியே போகவில்லை. விரலால் ஒவ்வொரு தழும்பாகத் தொட்டாள்.

"என் கையாலேயே ஊட்டிட்டேனேடி" என்றாள் கடைசியில். "சொல்லியிருந்தா நான் இன்னா, உன்ன முழுங்கியா இருப்பேன்?" அழுது மூக்கைச் சிந்தினாள். அப்புறம்தான் மருமகளின் மடியில் கிடந்ததைப் பார்த்தாள்.

"இது எப்படி இங்க வந்துச்சு? ஆழத்துல போட்டேன். பால் ஊத்தினேன். நான் கெளம்பற வரைக்கும் புத்துகிட்ட ஆள் இருந்துது."

அருணாதேவி சங்கிலியை எடுத்தாள். கண்ணிகளின் இடுக்கில் செம்மண், காய்ந்த பாலின் வெண்மை. கையில் மாட்டினாள். அது மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று. தளர்வு என்றால் இது வெறும் தளர்வு இல்லை. அவள் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

சுப்பன் கழற்றிய ஏழு கண்ணிகளும் அதில் சேர்ந்திருந்தன. நூற்று முப்பத்திரண்டு கிலோவில் இருந்த கைக்கு அளவெடுத்த சங்கிலி.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து குங்குமச் சிமிழைப் பார்த்தாள். மூடி மூடியபடியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அடியில் கொஞ்சம் செம்மண் மட்டும்.

அவள் பயந்துபோயிருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை கண்ணுகளா. சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். எந்த உடம்பை விட்டால் போதும் என்று ஓடினாளோ, எது இடம் கேட்டு வரும் என்று நடுங்கினாளோ, அது கேட்டதெல்லாம் ஒன்றுமில்லை. அவள் சொல்லாததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. ஏரிக்கரையிலிருந்து அந்த முழங்காலோடு, அந்த மூச்சோடு, அத்தனை தூரம்.

திங்கட்கிழமை சுப்பன் கடைக்குப் போனாள். "மறுபடியும் ஏழு கழட்டணுமா மேடம்? ஏற்கெனவே நான் கழட்டினதுதானே இது!" என்று அவன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கழட்ட வேணாம். கைக்கு அளவா நடுவுல ஒரு வளையம் போட்டுப் பூட்டிடுங்க. மிச்சம் தொங்கட்டும்."

அப்படியே செய்து கொடுத்தான். ஏழு கண்ணியும் சின்ன வால்போல மணிக்கட்டில் தொங்கின. டைப் அடிக்கும்போது மேசையில் கிண்கிண்ணென்று தட்டும். ஆபீஸில் யார் கேட்டாலும் ஆபரேஷன் ஆனது, மயங்கி விழுந்தால் இதைப் படியுங்கள் என்று உரக்கச் சொன்னாள். கீழ்பென்னாத்தூரில் பச்சையம்மாள் அதைவிட உரக்கச் சொன்னாள். அடுத்த ஆடியில் மருமகளுக்கென்று வெல்லமில்லாமல் ஒரு மாவிளக்குப் போட்டாள். அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த மஞ்சள் புடவைக்காரியை இன்னமும் எப்போதாவது யாராவது பார்ப்பதுண்டு. கோபுர வாசலில், மாடிப்படியில். சந்திரம்மாள் சொன்னால் அருணாதேவி இப்போதெல்லாம் முகம் மாறுவதில்லை. "கால் வலியோட வருவாங்கக்கா. அடுத்த தடவை ஒரு ஸ்டூல் போடுங்க" என்பாள். இரவு கட்டிலின் அந்தப் பக்கம் அமுங்கும்போது இவள் திருமலை பக்கம் கொஞ்சம் ஒதுங்கிப் படுத்துக்கொள்வாள், இடம் விட்டு.

அவ்வளவுதான் கண்ணுகளா. இனி கையை விடலாம்.

உங்கள் வீட்டில் யாருக்கும் நாக்கு அடைத்துப்போகும் வேளை வராமல் இருக்கட்டும். வந்தால், உங்களுக்காகப் பேச ஒருவர் மூச்சிரைக்க வாசலில் வந்து நிற்கட்டும். உங்கள் அடுப்பில் உலை கொதிக்கட்டும், உண்பது உடம்புக்கு ஒட்டட்டும், ஒருவருக்கொருவர் மறைத்து வைக்க வேண்டிய நோவு ஒன்றும் உங்கள் கூரைக்குக் கீழே தங்காதிருக்கட்டும். உங்கள் வீட்டுப் பாயில் எப்போதும் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கட்டும். நல்லா இருங்கள்.